ஈயமும் நாகமும் பிறந்த கதை

அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் மழை தொடங்கியதும் அதனை முதலில் அறிவிப்பவை லயங்களின் தகரக் கூரைகளே. தகரம் என வழங்கப்படினும் அக்கூரை இரும்பினால் ஆனது. அதன்மேற் பூசப்பட்டிருப்பது நாகம். காற்றும் நீரும் தாக்கும்போது நாகம் முதலில் அரிக்கப்பட்டு இரும்பைக் காக்கின்றது. பூச்சுத் தீர்ந்த இடத்தில் துரு ஏறும்; துரு ஏறிய இடத்தில் வீடு ஒழுகும். முற்காலத்தில் தேயிலைப் பெட்டிகளின் உட்புறத்தே ஈரம் புகாதவாறு ஈயத்தாள் விரிக்கப்பட்டது. பின்னர் அலுமினியத்தாள் அதன் இடத்தைப் பெற்றது. மலைநாட்டு வாழ்வோடு இவ்வாறு இணைந்த இரு உலோகங்களும் நிலத்தினுள் எங்ஙனம் திரள்கின்றன?

புவியோட்டின் பாறைகளைச் சராசரியாகக் கணக்கிட்டால், பத்து இலட்சம் பங்கில் நாகம் ஏறத்தாழ 70 பங்கும், ஈயம் 15 பங்கு அளவிலுமே உண்டு. இவ்வாறு சிதறிக் கிடப்பதை எவராலும் அகழ்ந்தெடுக்க இயலாது. அதனை ஒன்றுசேர்க்கும் வேலையாள் வெந்நீரே.

நிலத்தினுள் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் பொதுவாக 25 முதல் 30 பாகை வரை வெப்பம் கூடுகின்றது. ஆழத்தில் இறங்கிய நீர் சூடேறுகின்றது. திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஊறும் வெந்நீர் இவ்வுண்மைக்குச் சான்று. அங்கு எரிமலை ஏதுமில்லை. எனினும், தாதுவைச் சுமக்க வெப்பம் மட்டும் போதாது, உப்பும் வேண்டும். உப்பிலுள்ள குளோரைட்டு, பாறையிலிருந்து ஈயத்தையும் நாகத்தையும் பற்றிக் கரைசலில் வைத்திருக்கின்றது. அக்கரைசல் வெடிப்புகளின் வழியே மேலேறுகின்றது.

சூடான தேநீரில் மிகுதியாகக் கரைந்த சீனி, ஆறியபின் அடியில் தங்குவதை யாவரும் அறிவர். மேலேறும் தாதுநீரும் அவ்வாறே குளிர்கின்றது. வேற்று நீரோடு கலந்து உப்புக் குறைகின்றது. அன்றேல் கந்தகத்தைச் சந்திக்கின்றது. அப்பொழுது ஈயம் கந்தகத்தோடு சேர்ந்து கலீனா என்னும் பளபளப்பான சாம்பல்நிறத் தாதுவாகவும், நாகம் சிபலரைற்று என்னும் தாதுவாகவும் படிகின்றன. 1979ஆம் ஆண்டிற் கிழக்குப் பசிபிக் கடலடியில், 350 பாகையளவு வெப்பமுள்ள நீர் கரும்புகைபோற் பீறிட்டுத் தாதுக்களைப் படியவிடுவதை விஞ்ஞானிகள் கண்ணாரக் கண்டனர்.

இந்தியாவின் இராசத்தானத்தில் உதயப்பூருக்கு அருகேயுள்ள சாவர், இவ்விரு தாதுக்களும் தொலமைற்றுப் பாறையிற் சேர்ந்து கிடக்கும் புகழ்பெற்ற இடமாகும். நாகம் 907 பாகையில் ஆவியாகிவிடும் இயல்பினது. அதனைப் பிரிப்பது அரிது. ஐரோப்பாவில் நாகத்தொழில் 18ஆம் நூற்றாண்டில் தலைப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்னரே, சாவர் மக்கள் களிமண் வாலைகளில் அவ்வாவியைப் பிடித்துக் குளிரவைத்தனர். அவ்வாலைகளின் எச்சங்கள் அங்கு இன்றும் குவிந்து கிடக்கின்றன.

இலங்கை மலைநாட்டில் இத்தகைய வாணிபத் தாதுப்படிவு அறியப்படவில்லை. அதன் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், ஆழத்தில் 700 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியவை. ஆயினும் வெடிப்புகளிற் பாய்மம் பொருளைப் படியவிடும் செயலுக்கு இத்தீவிலும் எடுத்துக்காட்டு உண்டு. கேகாலையின் போகலையிலும் குருநாகலின் கஹட்டகஹவிலும் அகழப்படும் காரீயம் அவ்வாறு படிந்ததே. பெயரில் ஈயம் இருப்பினும் அதில் ஈயம் இல்லை, அது கரி.

மலைநாட்டிற்கு நாகம் வேறொரு வகையிலும் தேவைப்படுகின்றது. நாகம் குறைந்தால் தேயிலைச் செடியின் தளிர் குறுகிக் கொழுந்து குன்றும். கொழுந்தின் நிறைக்கே கூலி என்னும் நாளில், இக்குறை தொழிலாளியின் கைக்கும் வந்து சேரும். ஆதலின் நாக சல்பேற்றுக் கரைசல் இலைமீது தெளிக்கப்படுகின்றது. 1925இல் தொடங்கப்பெற்றுத் தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இதனைப் பரிந்துரைக்கின்றது.

ஒரே வெந்நீரிற் பிறந்தும் இவ்விரண்டின் குணம் வேறு. நாகம் சிறிதளவில் உயிர்க்கு உணவு. ஈயமோ எவ்வளவு சிறிதாயினும் நஞ்சு, குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. பழைய ஈயத்தகடோ ஈயத்தாளோ வீட்டில் அகப்பட்டால் அதனை உருக்குதலும், பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தலும் ஆகாது.