கண் திருஷ்டியும் கண் பரிசோதனையும்

(வாகனம் ஓட்டுவோர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வண்டி ஓட்டுகிறவர்களின் கண் பார்வையைப் பற்றி நான் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது, கண் தெரிகிறதா இல்லையா என்பது அவரவர்க்கே தெரியுமே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. தன் கண்ணில் உள்ள குறை தனக்கே தெரியாமல் இருக்கக்கூடும் என்பதுதான் நான் இன்று சொல்ல வந்த விஷயம்.

நம் நாட்டில் ஒருவன் புதிதாக லாரியோ, காரோ, மோட்டார் சைக்கிளோ வாங்கினால் முதலில் என்ன செய்கிறான்? எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறான். மிளகாயையும் எலுமிச்சையையும் கோத்து முன்னால் தொங்கவிடுகிறான். ஆயுத பூஜை வந்தால் பூசணிக்காயை நடுரோட்டில் போட்டு உடைக்கிறான். ஏனப்பா என்றால், ஊரார் கண் பட்டுவிடக் கூடாது என்கிறான். ஊரார் கண் வண்டியை என்ன செய்துவிடும்? வண்டியை நேர்வழியில் விடுவதும் பள்ளத்தில் விடுவதும் ஓட்டுகிறவன் கண்ணே தவிர, திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் கண் அல்லவே! உடைந்த பூசணிக்காயில் சறுக்கி விழுந்து கையைக் காலை முறித்துக்கொண்டவர்கள் உண்டே ஒழிய, அதனால் பிழைத்தேன் என்று மெய்ப்பித்துக் காட்டக்கூடியவர் ஒருவராவது உண்டா? திருஷ்டி கழிக்கச் செலவழித்த பணத்தில் ஒரு பங்கையாவது அந்த ஓட்டுகிறவனின் கண்ணைப் பரிசோதிக்கச் செலவழித்திருந்தால் அது அறிவுள்ள காரியமாகும்.

ஜனங்கள்தான் இப்படி என்றால், சட்டமாவது சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி லைசென்ஸ் கேட்கிறவன் தன் உடல்நிலையைப் பற்றி ஒரு படிவத்தில் உறுதி கூறவேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பரை, கண்ணாடி போடுகிறவனானால் கண்ணாடியோடு, ஒவ்வொரு கண்ணாலும் உன்னால் கண்டுகொள்ள முடியுமா என்று அதிலே ஒரு கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்லுகிறவன் யார்? லைசென்ஸ் வேண்டும் என்கிறவனே! பரீட்சை எழுதுகிறவனே தனக்கு மார்க்குப் போட்டுக்கொள்ளுகிற கதை இது.

லாரி, பஸ், வாடகைக் கார் ஓட்டுகிறவர்களும் 40 வயது ஆனவர்களும் டாக்டர் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். சொந்த வண்டி ஓட்டும் வாலிபனுக்கு அதுவும் இல்லை. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தின்படி 30 வயதுக்குள் லைசென்ஸ் வாங்குகிறவனுக்கு அது 40 வயது வரை செல்லும். 18 வயதில் 'ஆம்' என்று எழுதியவன் அந்த ஒரு வார்த்தையின் பேரில் 22 வருஷம் ஓட்டலாம். பிரிட்டனிலும் ஏறக்குறைய இதே கேள்விதான். ஆனால் அங்கே ஓட்டிக் காட்டும் பரீட்சை தொடங்குவதற்கு முன் பரீட்சை அதிகாரி 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்கச் சொல்லுகிறார். படிக்க முடியாதவனுக்கு அன்றைய பரீட்சை அதோடு முடிந்தது.

பொய் சொல்லுகிறவனைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை. யோக்கியமாக 'ஆம்' என்று எழுதுகிறவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. சிறு வயது முதல் கிட்டப்பார்வை உள்ளவன் உலகமே மங்கலாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறான். புரை கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதால் நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. ஒரு கண் கெட்டால் மற்றக் கண் அதை மூடி மறைத்துவிடுகிறது. கண் அழுத்த நோயில் பக்கப் பார்வை வலியில்லாமல் சுருங்குகிறது. காணாமற்போன பாகத்தை மூளையே தானாக இட்டு நிரப்பிவிடுவதால் அங்கே கறுப்பாகக்கூடத் தெரியாது. சர்க்கரை வியாதியும் இப்படியே சத்தமில்லாமல் விழித்திரையைக் கெடுக்கிறது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று சொல்லுகிறேன். 1875-ல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்னுமிடத்தில் இரண்டு ரயில்கள் மோதி 9 பேர் இறந்தார்கள். அதற்கு நிறக்குருடு காரணமா என்பதைப் பற்றிப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்பட்டதுண்டு. ஆனால் அதையொட்டி ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் ஒரு ரயில் பாதையின் சிப்பந்திகள் 266 பேரிடம் பல நிறக் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். 13 பேர் நிறக்குருடர் என்று தெரிந்தது. சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் நம்பி வேலை செய்த இடத்திலேயே, நூலைக் கொடுத்துப் பார்க்கும்வரை இது வெளிப்படவில்லை!

பரிசோதனை என்றால் பிழைப்புப் போய்விடும் என்று டிரைவர் தோழர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் யோசித்துப் பாருங்கள். நிறக்குருடு என்றாலே லைசென்ஸ் இல்லை என்றிருந்ததை மாற்றி, 2020-ல் லேசான, நடுத்தரமான குறையுள்ளவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று இந்திய சர்க்கார் உத்தரவு போட்டார்கள். குறையை அளந்து, இது இவ்வளவு, அது அவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்ததால்தானே இது முடிந்தது? ஆகவே அளந்து பார்ப்பது பிழைப்பைக் கெடுப்பதற்கு மட்டுமல்ல, கொடுப்பதற்கும் உதவுகிறது. தூரப் பொருள் மங்கலாகத் தெரிகிறவர்களில் பலருக்கு ஒரு மூக்குக் கண்ணாடியே போதும். புரைக்கு ஆபரேஷன் இருக்கிறது.

1862-ல் ஸ்னெல்லன் என்ற டச்சு டாக்டர் எழுத்துப் பலகை ஒன்றை அமைத்தார். அந்த முறையில் 6/12 பார்வை என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை இவன் 6 மீட்டருக்கு வந்தே படிப்பான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. நல்ல கண் 60 மீட்டரில் படிக்கும் பலகையை இவன் 30 மீட்டரில் படித்தால், மூன்றரை நொடிக்குப் பதிலாக இரண்டு நொடிகூடக் கையில் இல்லை. சாலையைக் கடக்கும் குழந்தையின் உயிர் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

ஆகையால் தோழர்களே, வண்டி முதலாளிகள் வருஷத்துக்கு ஒருமுறை டிரைவர்களின் கண்ணைத் தங்கள் செலவில் பரிசோதித்துக் கண்ணாடியும் வாங்கித் தரவேண்டும். அதற்காக ஒருவனையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரிகள் காகிதத்தில் கேட்பதை ரோட்டில் நிறுத்திக் கேட்கவேண்டும். கண்ணாடி போட்டவனைச் 'சோடாபுட்டி' என்று கேலி செய்வதையும், பெண் பார்க்கப் போகும்போது கண்ணாடியைக் கழற்றிப் பையில் போடுவதையும் விட்டொழிக்கவேண்டும். பையில் இருக்கும் கண்ணாடி ரோட்டைப் பார்க்காது.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வெளியே போனதும் ஒரு வண்டியிலிருந்து 25 மீட்டர், அதாவது முப்பது அடிகளுக்கு மேல் நடந்துபோய் நின்று, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் அதன் நம்பரைப் படித்துப் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றுங்கள். முடியாதவர்கள் நாளைக்கே கண் டாக்டரிடம் போகவேண்டும். முடிந்தவர்களும் 40 வயதைத் தாண்டியிருந்தால் போகவேண்டும். ஏனென்றால் பக்கப் பார்வையையும் கண் அழுத்தத்தையும் நம்பர் பலகை காட்டாது. எலுமிச்சம்பழம் ஒருநாளும் காட்டாது.