புதிதாய் வந்த மீன்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் எங்களிடம் அதற்குரிய புலமை ஏது? எனினும் நமது காரியதரிசி அவர்கள் ஒரு நாள் எங்கள் இல்லத்திற்கு வந்தபோது, கூடத்தில் இருக்கும் கடல்நீர் மீன்தொட்டியைக் கண்ணுற்று, "இதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்று கட்டளையிட்டார். ஆகவே இன்று மீன் பேச்சு. சைவ அன்பர்கள் அஞ்ச வேண்டா. சட்டியில் இடும் மீனைப் பற்றியதன்று இது.

சென்னை மெயில் தம்பானூர் நிலையத்தில் வந்து நின்றதும் இறங்கும் பார்சல்களுள், வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் சில இருக்கும். 'உயிர் மீன்' என்று அவற்றின் மேல் எழுதியிருக்கும். அழகு மீன் வாணிபத்திற்குப் பேர்போன கொளத்தூரிலிருந்து வருபவை பல. உள்ளே பிளாஸ்டிக் பைகள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், எஞ்சியது ஆக்ஸிஜன். வண்டிப் பயணம் மட்டும் 16 மணி நேரம். கட்டும் நேரமும் காத்திருக்கும் நேரமும் சேர்ந்தால், தன் உடம்பு திரும்பவும் இடமில்லாத பையில் அம்மீன் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதையும் இருட்டிலும் குலுக்கலிலும் கழித்துவிட்டே நம்மிடம் வருகிறது. பல ஆண்டுகள் அப்பெட்டிகளைக் கணக்கில் பதிந்து கையெழுத்து வாங்கியிருக்கிறோம். உள்ளிருப்பதன் பாடு என்ன என்று ஒரு முறையும் நினைத்ததில்லை.

எங்கள் மகளின் பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு வண்ணத்துப்பூச்சி மீன் வாங்கினோம். மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டினாற்போன்ற கறுப்புக் கோடு. தொட்டியில் முன்னரே நீல டாம்செல் மீன்கள் இரண்டு இருந்தன. பெட்டி வீட்டுக்கு வந்த மாலை எங்கள் தெருவே கூடத்தில் திரண்டுவிட்டது. பையைக் கத்தரித்தோம், மீனைப் பை நீரோடு தொட்டியில் கவிழ்த்தோம், விளக்கெல்லாம் ஏற்றினோம். குழந்தைகள் கண்ணாடியைத் தட்டி அழைத்தார்கள். பெரியவர்கள் கைப்பேசியின் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். பசித்திருக்குமே என்று இரண்டு கை தீனியை அள்ளிப் போட்டோம். அது ஒரு மூலையில் தலைகீழாக ஒண்டிக்கொண்டு, நிறம் வெளுத்து, செவுள் படபடக்க நின்றது. டாம்செல்கள் இரண்டும் மாறி மாறி வந்து அதன் துடுப்பைக் கடித்தன. போட்ட தீனி அடியில் அழுகியது. மூன்றாம் நாள் காலையில் மீன் மிதந்தது.

கறிவேப்பிலைச் செடியின் அடியில் அதைப் புதைத்துவிட்டு, "அப்பா, அதற்கு என்ன நோய்?" என்று மகள் கேட்டாள். விற்றவன் நோய் மீனைத் தந்துவிட்டான் என்று சொல்லிவிட்டோம். ஒரு வாரம் வரை அவள் தொட்டியின் பக்கமே போகவில்லை. எங்கள் பதிலை அவள் நம்பவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதைவிட, அப்பதிலை நாங்களே நம்பவில்லை.

உண்மையான பதிலைத் தேடிப் புறப்பட்டோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமொன்று விழிஞ்ஞத்தில் உண்டு. அதனோடு ஒரு கடல் மீன் காட்சிச்சாலையும் அமைந்துள்ளது. அங்குக் கண்டதும், பின்னர் புத்தகங்களில் படித்ததுமாகச் சேர்ந்து ஒருவாறு விளங்கிற்று. தாய்மார்களுக்கு இது எளிதில் புரியும். மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் வைத்தால் என்ன ஆகிறது? மாங்காய் நீர் விட்டுச் சுருங்குகிறது. கடல் மீனின் வாழ்க்கை முழுவதும் அந்த ஜாடிக்குள்தான். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. மீனின் குருதியில் உள்ள உப்போ, அதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே அதன் உடம்பிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. இழந்ததை ஈடுகட்டக் கடல்நீரையே அது குடிக்கிறது. மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியே தள்ளுகிறது. தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்துகொண்டு தாகத்தோடு போராடும் உயிர் அது! நன்னீர் மீனுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் தொல்லை நேர்மாறானது.

அச்சம் வந்தால் இந்த வேலை தடுமாறுகிறது. மூச்சு விரைகிறது, செவுளில் குருதி மிகுதியாகப் பாய்கிறது, பாய்ந்த அளவுக்கு நீரிழப்பும் கூடுகிறது. நாம் அன்போடு கண்ணாடியைத் தட்டுகிறோம். காற்றில் செல்வதைக் காட்டிலும் நீரில் ஒலி நான்கு மடங்குக்கு மேல் விரைந்து செல்லும். உடம்பின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டினால் மீன் அதிர்வையும் அறிகிறது. நம் விரல்நுனித் தட்டல் அதற்கு இடி போலும். எங்கள் மீனுக்கு வந்த நோய் நாங்களேதான்.

இவ்வளவும் படித்தறிந்த பின்னும், அடுத்து என்ன செய்வது என்பதை எங்களுக்குக் காட்டியது புத்தகமன்று. இல்லாள் ஒரு நாள் இரவு, "நாம் இவ்வூருக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று கேட்டாள். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் நாங்கள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமியே வந்து தங்கும் ஆரியசாலை; தமிழ் கேட்கும் தெரு; ஆகவே அவளுக்குக் குறையொன்றும் இராது என்று எண்ணி, நாங்கள் வந்த மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டோம். வீட்டிலோ காலை முதல் மாலை வரை வந்தவர்கள் ஓயவில்லை. எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள், சிலர் மலையாளத்தில் கேட்டதற்கு அவளுக்கு விடை தெரியவில்லை. சாமான்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. மூன்று நாள் அவள் சரியாக உண்ணவில்லை என்பதை நாங்கள் இந்தப் பேச்சின்போதுதான் முதன்முதலாக அறிந்தோம். "பக்கத்து வீட்டு ஆச்சி ஒருத்திதான் வாசலிலேயே நின்று, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தையும் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும் வழியையும் சொல்லி, ஒரு தூக்குச் சட்டியில் ரசம் சோற்றை வைத்துவிட்டு, 'கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு தாயே, நாலு நாள் கழித்து வருகிறேன்' என்று போய்விட்டாள். அந்த மீனுக்கு நீங்கள் அந்த ஆச்சியாக இருந்தால் போதும்" என்றாள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மீன் வருவதற்கு முன்னரே முடிய வேண்டிய வேலைதான் பெரிது. கண்ணாடிக்குள் கடலை வைத்துப் பார்க்கும் ஆசை பழையது. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் திறந்தது 1853-இல். சென்னைக் கடற்கரையில் மீன் காட்சிச்சாலை திறந்தது 1909-இல். கடலோரத்தில் இருந்தவர்கள் கடல்நீரையே பயன்படுத்தலாம். நமக்கும் கடல் தொலைவில் இல்லை. ஆனால் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் கரையோர நீர் கலங்கி, ஆற்று வெள்ளம் கலந்து உப்பும் குறைந்துவிடும். ஆகையால் இதற்கென்றே விற்கும் கடலுப்புக் கலவையைக் குளோரின் நீக்கிய நீரில் கரைத்துக் கொள்கிறோம். சமையல் உப்பு உதவாது. கடலுப்பில் 100-க்கு ஏறத்தாழ 85 பங்கே சமையல் உப்பின் சரக்கு. மற்றவை மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. அவையின்றி மீன் வாழாது.

தண்ணீர் தெளிவாக இருப்பதனாலேயே தொட்டி ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணுவது பெரும் பிழை. மீனின் கழிவில் அம்மோனியா உண்டு, அது நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்னர் அவ்வளவு கேடில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். சோற்றுப் பானையைப் போல அவசரத்துக்கு இறக்க முடியாது. மின்சாரம் நின்றால் காற்றுக் குழாயை இயக்கப் பேட்டரியும் வேண்டும். வெதுவெதுப்பான உப்பு நீரில் ஆக்ஸிஜன் குறைவாகவே கரையும்.

புதிய மீனை நேரே பெரிய தொட்டியில் விடுவதும் தவறு. வெள்ளைப்புள்ளி நோய் என்று ஒன்றுண்டு. உடம்பின் மேல் ரவை தூவினாற்போல் தோன்றும். ஒரு மீனிலிருந்து தொட்டி முழுவதும் பரவும். ஆகவே தனித் தொட்டி ஒன்றில் 4 வாரமாவது வைத்துப் பார்த்தல் நலம். எங்களுடையது 60 லிட்டர். பெரிய தொட்டியில் ஊறிப் பக்குவமான பஞ்சு வடிகட்டி ஒன்று. ஒளிந்துகொள்ள பிளம்பரிடம் கேட்டு வாங்கிய பி.வி.சி. குழாய்த் துண்டுகள் மூன்று. அழகில்லைதான். அழகு மீனுக்கு வேண்டியதில்லை, மறைவிடம் வேண்டும்.

பையைத் திறக்கும் வேளையில் ஒரு நுட்பம் உண்டு. "மெல்ல மெல்லச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து மணிக்கணக்கில் பழக்குக" என்று பலர் சொல்வர். பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணியில் கொண்டுவந்த மீனுக்கு அது பொருந்தும். தொலைவிலிருந்து வந்ததற்குப் பொருந்தாது. மூடிய பையில் மீன் விட்ட மூச்சினால் கரியமில வாயு மிகுந்து நீர் புளித்திருக்கும். அப்புளிப்பில் அம்மோனியாவின் நஞ்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேற, அடங்கிய நஞ்சு தலைதூக்கும். அந்நீரிலேயே மீனை மேலும் வைத்திருந்தால் என்ன ஆகும்? ஆகையால், அனுப்புகிறவரிடம் அவர் நீரின் உப்பளவை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, தனித் தொட்டியின் நீரை அதே அளவுக்கு ஆக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பையைத் திறவாமலே 15 அல்லது 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை ஒன்றாகும். பிறகு திறந்து, மீனை மட்டும் தாமதமின்றி மாற்றிவிட வேண்டும். பை நீரில் ஒரு துளியும் தொட்டியில் சேரக் கூடாது. உப்பளவைப் பெரிய தொட்டியின் அளவுக்கு உயர்த்துவதைப் பின்வரும் நாட்களில் சிறுகச் சிறுகச் செய்யலாம்.

அதன் பின் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாதிருப்பது. எங்கள் அனுபவத்தில் இதுவே மிகக் கடினம். கரமனையில் எங்கள் நண்பர் ஒருவர் ஒரு கிளி மீன் இனம் வாங்கினார். விட்ட நொடியே அது மணலுக்குள் புகுந்து மறைந்தது. அவ்வினத்துக்கு அது இயல்பு; அஞ்சினால் சில நாள்கூட மணலுக்குள் கிடக்கும். நண்பர் மறுநாளே இறந்துவிட்டது என்று முடிவுகட்டிக் கரண்டியால் மணலைக் கிளறினார். அப்புறம் அது உண்மையிலேயே இறந்தது.

பழைய மீன்களின் கொடுமையைத் தணிக்கவும் ஒரு வழியுண்டு. நான்கு வாரங் கழித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றும் நாளில், கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கிவிட்டு, விளக்கணைத்த பின் புதியதை விட வேண்டும். விடியும்போது பழையவர்களுக்கும் ஊர் புதிதாகிவிடும். என் எல்லை, உன் எல்லை என்ற வழக்கு ஓரளவு குறையும். எங்கள் டாம்செல்கள் அப்படியும் முற்றிலும் திருந்தவில்லை. ஒன்றை நண்பருக்குக் கொடுத்துவிட்டோம்.

எந்த மீனை வாங்குவது என்பதும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டியது. வண்ணத்துப்பூச்சி மீன்களுள் பல, உயிருள்ள பவளத்தையே கொத்தித் தின்பவை. நம் தீனியைத் தொடா. அழகைக் கண்டு வாங்கிப் பட்டினி போட்டவர்கள் எங்களைப் போல் எத்தனை பேரோ! கடல்குதிரை வேண்டுமா என்றும் ஒருவர் இரகசியமாகக் கேட்டார். கடல்குதிரையும் பவளமும் 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை, வேண்டா என்றோம். கோமாளி மீனோ, கடலில் பிடிக்கத் தேவையின்றித் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்க்கப்படுகிறது. அம்முறையை நம் நாட்டில் வகுத்ததில் விழிஞ்ஞத்தில் மையமுள்ள அதே நிறுவனத்தாருக்குப் பெரும் பங்குண்டு. தொட்டியில் பிறந்தது தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். கடலில் அம்மீன் கடற்சாமந்தியின் நச்சுக் கொடுக்குகளுக்கிடையே குடியிருக்கும்; அங்கும் எடுத்த எடுப்பில் புகுவதில்லை. வாலால் ஒரு முறை தொடும், விலகும், வயிற்றால் உரசும், விலகும், சாமந்தி தன்னைச் சுடாது என்று உறுதியான பிறகே உள்ளே போகும்.

அத்தகைய கோமாளி மீன்கள் இரண்டைச் சென்ற ஆண்டு தருவித்தோம். இம்முறை பெட்டி வந்த நேரம் நண்பகல். கூடத்து விளக்கை அணைத்து, தனித் தொட்டியின் மூன்று பக்கமும் பழைய செய்தித்தாள் ஒட்டினோம். மகள் ஓர் அட்டையில், "மூன்று நாள் யாரும் பார்க்கக் கூடாது" என்று எழுதி வாசற்கதவில் தொங்கவிட்டாள். தெருவில் சிலருக்கு அது வருத்தமே. அவர்களும் இச்சபையில் இருப்பதனால் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். முதல் நாள் தீனியே இடவில்லை. இரண்டாம் நாள் கடுகளவு இறால் துணுக்கு ஒன்று இட்டோம்; தொடவில்லை. அரை மணியில் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டோம். மூன்றாம் நாளும் அப்படியே. அன்று இரவு மகள் உறங்கவில்லை. கறிவேப்பிலைச் செடியைப் பற்றி ஒரு முறை கேட்டாள். மூச்சின் வேகம் குறைந்திருக்கிறது, துடுப்புகள் விரிந்திருக்கின்றன என்று சொன்னோம். உண்மையைத்தான் சொன்னோம் என்றாலும் எங்களுக்கும் உள்ளூர அச்சமே.

நான்காம் நாள் விடியற்காலையில் எங்கள் தோளை யாரோ தொட்டு எழுப்பினார்கள். மகள் வாயில் விரல் வைத்துக்கொண்டு சமையலறைக் கதவின் ஓரத்திற்கு அழைத்துச் சென்றாள். பெரிய மீன் குழாயை விட்டு ஒரு சாண் வெளியே வந்து நின்றிருந்தது. அவள் முன்னரே போட்டிருந்த துணுக்கு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மீன் அதைக் கவ்விற்று, துப்பிற்று, மறுபடி கவ்விற்று. துப்பவில்லை. சிறியது குழாயின் வாயிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அவள் பள்ளிக்குப் புறப்பட்ட பிறகு கதவில் இருந்த அட்டையைக் கழற்றப் போனோம். 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் 'ஏழு' என்று எழுதியிருந்தாள்.