மாடு கன்று வீசினால் முதலில் ரத்தம் பாருங்கள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுவில் கறவை மாட்டுக் கடன் தவணை நின்று போச்சு. போய் விசாரித்தேன். ஏழு மாசச் சினையில் மாடு கன்று வீசிடுச்சு, நஞ்சும் விழல. அந்தச் சகோதரி வெறுங்கையாலேயே நஞ்சை எடுத்திருக்கிறார். "கண்ணு பட்டுடுச்சு மேடம், சந்தைக்கு ஓட்டிட்டு வேற மாடு வாங்கிக்கிறேன்" என்றார்.

சந்தையில் அந்த மாட்டை யார் வாங்குவார்? நம்மைப் போலக் கடன் எடுத்த இன்னொரு பெண்தானே!

ஐந்து மாசத்துக்கு மேல் சினை வீசினால் கன்று வீச்சு நோயாக இருக்கலாம். டாக்டர்கள் புருசெல்லோசிஸ் என்பார்கள். மாடு நல்லாத் தின்னும், கறக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ரத்தம்தான் பார்க்கணும்.

கழுத்து நரம்பில் ரத்தம் எடுப்பார்கள். ஆட்டாமல் வைத்தால் ரத்தம் உறைந்து மேலே மஞ்சள் தண்ணி தெளியும். அதில் ஒரு சொட்டு, ரோஸ் பெங்கால் என்கிற ரோஸ் கலர் மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் தட்டில் கலந்து நாலு நிமிஷம் ஆட்டுவார்கள். திரிஞ்ச பால் மாதிரி திரிதிரியாக வந்தால் நோய் என்று சந்தேகம். அப்புறம் எலிசா டெஸ்டில் உறுதி செய்யலாம்.

இந்த டெஸ்ட் கிருமியைக் காட்டாது. கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளைத்தான் காட்டும். அதனால் வீசின உடனே எடுத்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. டாக்டர் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கேட்டால் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மாட்டுக்கு நோய் உறுதியாச்சு. மருந்து கொடுத்து நம்பிக்கையாகக் குணமாக்க முடியாத நோய் இது. வீசின கன்று, நஞ்சு, காய்ச்சாத பால் வழியாக நமக்கும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டுவலி இருக்கும். அந்தச் சகோதரிக்கும் சாயங்காலம் காய்ச்சல் வருதாம். ஆஸ்பத்திரியில் மாட்டு விஷயத்தையும் சொல்லி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கிடேரிக் கன்றுக்கு நாலு மாசத்திலிருந்து எட்டு மாசத்துக்குள் ஒரே ஒரு தடுப்பூசி போதும். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். கூட்டம் முடிந்ததும் கன்று வைத்திருப்பவர்கள் ஊக்குநரிடம் பேர் கொடுங்கள்.

மாட்டை விற்காமல் தனியாகக் கட்டியிருக்கிறார் அவர். தவணைக்கு என்ன வழி என்பதை இப்போது தீர்மானத்தில் பேசுவோம்.