குழந்தையின் சொல்லைத் திருத்தாதீர்கள்

(திருவண்ணாமலையில் மாணவர்கள், களப்பணியாளர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேரியில் ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேட்கிறார்கள். அம்மா, டீச்சர், ஊர்ப் பெரியவர், நம்ம தோழர்கள். அப்புறம் போலீஸ், டாக்டர், மாஜிஸ்திரேட், கோர்ட்டு. திரும்பத் திரும்பக் கேட்டால், ‘நாம சொன்னது தப்பு போல’ என்று பிள்ளை பதிலை மாற்றும். அந்த மாற்றத்தையே முரண்பாடு என்று பிடித்துக்கொள்வார் எதிர்த்தரப்பு வக்கீல்.

“அவன்தானே தொட்டான்?” என்று கேட்பது இன்னும் மோசம். அதில் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். அமெரிக்காவில் 1983ல் கிளம்பிய மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி வழக்கில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளிடம் இப்படித்தான் கேட்டார்கள். 1990ல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. எந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே என்ன நடந்தது என்பதைப் பிரித்தெடுக்க வழியில்லாமல் போனது.

நம்ம நாட்டில் 2012ல் போக்சோ சட்டம் வந்தது. பிள்ளையின் வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் எஸ்.ஐ. வாக்குமூலம் வாங்கணும், காக்கி உடுப்பு கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. 26ஆம் பிரிவு இன்னும் முக்கியம்: பெற்றோரோ, பிள்ளை நம்பும் ஒருவரோ பக்கத்தில் இருக்க, பிள்ளை பேசியபடியே பதிவு செய்யணும். முடிந்தால் ஒலி, ஒளிப்பதிவும் செய்யணும்.

‘பேசியபடியே’. இந்த ஒரு சொல்லில்தான் நம்ம அரசியல் இருக்கிறது. பிள்ளை சேரித் தமிழில், தனக்குத் தெரிந்த உறுப்புப் பேரைச் சொல்லித்தான் பேசும். அது கொச்சை என்று ரைட்டர் ‘பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்’ என்று எழுதிவிட்டால்? “இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா பாப்பா?” என்று குறுக்கு விசாரணையில் ஒரே கேள்வி. பிள்ளை முழிக்கும். சொல்லிக்கொடுத்த சாட்சி என்று கேஸ் சாயும்.

நான் பேங்க்கில் வேலை செய்கிறவன். செக்கில் ஒரு சொல்லைத் திருத்தியிருந்தாலும் வேற செக் எழுதிக் கேட்போம். பணத்துக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால் பிள்ளையின் வாக்குமூலத்துக்கு எவ்வளவு வேணும்?

தேதியும் அப்படித்தான். பிள்ளைக்குத் தேதி தெரியாது. “தீபத்துக்கு முன்னாடி”, “பௌர்ணமிக் கூட்டம் வந்தப்போ” என்று சொல்லும். அதை அப்படியே எழுதட்டும். தேதியைக் கணக்குப் போடுவது போலீஸ் வேலை.

பக்கத்தில் யார் உட்காருவது என்பதையும் பாருங்கள். அப்பன் கூலிக்குப் போகும் நிலத்துக்காரர் ‘பெரியவர்’ என்ற பேரில் வாசலில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? சாதி அந்த அறைக்குள் இருக்கும்வரை மௌனத்தைத்தான் பதிவு செய்ய முடியும்.

சென்னை அயனாவரத்தில் காது சரியாகக் கேளாத சிறுமிக்கு நடந்த கொடுமை 2018ல் வெளியே வந்தது. 2020ல் 15 பேரைக் குற்றவாளிகள் என்றது கோர்ட்டு. பேச்சில் சிரமம் உள்ள பிள்ளைக்கும் நீதி கிடைக்கும், கேட்கிறவர்கள் கேட்டால்.

ஆகவே தோழர்களே, பிள்ளை உங்களிடம் வந்து சொன்னால் குறுக்கே பேசாதீர்கள். “என்ன நடந்துச்சு?” “அப்புறம்?” இந்த ரெண்டு போதும். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே, நேரம் போட்டு எழுதி வையுங்கள். உடனே புகார் கொடுங்கள். சட்டப்படி அது கட்டாயம். வாக்குமூலம் வாங்கும்போது, பிள்ளை நம்பும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா, எழுதியதைப் பிள்ளைக்குப் படித்துக்காட்டினார்களா என்று கேளுங்கள். கோஷத்தை வெளியே போடுவோம். பிள்ளை பேசும் அறையில் சத்தம் வேண்டாம்.