மேப்பிங்குக்குப் போகும் முன்

கன்னிவாடிப் பக்கமிருந்து காது கேளாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறும் தாய்மாருக்கு இன்றைய தகவல்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கேட்க உதவும் கருவியைப் பொருத்துகிறார்கள். ஆனால் ஆபரேஷன் முடிந்த அன்றே காது கேட்டுவிடாது. காயம் ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அன்று பிள்ளை வீறிட்டு அழுதால் பதறாதீர்கள். சத்தம் அதற்குப் புதுசு!

உள்காதுக்குள் வைத்த கம்பியில், கம்பெனியைப் பொறுத்து, 12 முதல் 22 மின்முனைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் போனால் கேட்கத் தொடங்கும், எவ்வளவுக்கு மேல் தாங்காது என்று ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) கணினியில் குறிப்பார். அதுதான் மேப்பிங். காது பழகப் பழக இந்த அளவுகள் மாறும். அதனால் முதல் வருடம் அலைச்சல்தான்.

பேசத் தெரியாத பிள்ளை எப்படிச் சொல்லும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும். குக்கர் விசிலுக்குக் கண்ணை இறுக்கி மூடுகிறதா, கருவியைப் பிடுங்கி எறிகிறதா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். "பரவாயில்லைங்க" என்ற பதிலை வைத்து ஆடியாலஜிஸ்ட் என்ன செய்வார்?

தினமும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். டேனியல் லிங் வகுத்த சோதனை இது. நேற்று 'ஸ்' கேட்ட பிள்ளை இன்று திரும்பவில்லையா? முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் கேட்காவிட்டால், அடுத்த தேதிவரை காத்திராமல் ஆடியாலஜிஸ்ட்டுக்குப் போன் போடுங்கள்.