பிரியாவிடைக்கு எந்தப் பாட்டு?

(பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கான வழியனுப்பு விழா ஏற்பாட்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது இரண்டே பேச்சு: ஃபேர்வெல்லுக்கு என்ன உடை, எந்தப் பாட்டு. உடையை உங்களிடமே விட்டுவிடுகிறேன். பாட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்த காலத்தில் பல விழாக்களுக்கு ஆங்கிலப் பாட்டு தேர்ந்தெடுத்துக் கொடுத்திருக்கிறேன். தவறாகத் தேர்ந்தெடுத்ததும் உண்டு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு வருடம் பிள்ளைகள் எல்லோரும் 'சீ யூ அகெயின்' வேண்டும் என்றார்கள். விஸ் கலீஃபாவும் சார்லி புத்தும் பாடி 2015-ல் வந்த பாட்டு. நானும் சரி என்றேன். மேடையில் நாற்பது பேர் நின்றார்கள். பாடியது நாலு பேர். நடுவில் வரும் வேகமான ராப் பகுதிக்கு மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கைதட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது. விழா முடிந்து நாற்காலி அடுக்கும்போது ஒரு மாணவி, பத்தாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு எங்களிடம் சேர்ந்தவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "மிஸ், நான் பாடவே இல்ல மிஸ். சும்மா வாய அசைச்சேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் ஒன்றாக இருந்த வகுப்பின் கடைசி நாளில் அவளை வாயசைக்க வைத்தது என் தேர்வு. அதன் பிறகு எந்தப் பாட்டை எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அந்த மூன்றையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: இந்தப் பாட்டு எதற்காக எழுதப்பட்டது? நான் சொன்ன அதே பாட்டு, 2013-ல் கார் விபத்தில் இறந்துபோன நடிகர் பால் வாக்கரின் நினைவாக 'ஃபியூரியஸ் 7' படத்தில் சேர்க்கப்பட்டது. இறந்தவரை நினைத்துப் பாடும் பாட்டு. வகுப்பில் ஒரு பிள்ளை வீட்டில் சமீபத்தில் துக்கம் நடந்திருந்தால் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கிரீன் டே குழுவின் 'குட் ரிட்டன்ஸ்' 1997-ல் வந்தது. அமெரிக்கப் பள்ளி விழாக்களில் பிரபலம். தலைப்பை நம் வழக்கில் சொன்னால் 'விட்டது சனி'! தன்னைப் பிரிந்து வெளிநாடு போன காதலி மேல் இருந்த கோபத்தில் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் எழுதியது. பாட்டின் சொற்கள் கனிவாகவே இருப்பதால் பாடலாம், தப்பில்லை. ஆனால் அந்தத் தலைப்பை அழைப்பிதழில் போட்டு ஆசிரியர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. விட்னி ஹூஸ்டன் 1992-ல் பாடிப் புகழ்பெற்ற 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' காதல் பாட்டு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். டாலி பார்ட்டன் அதை எழுதியது, தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் நிகழ்ச்சியிலிருந்து பிரியும்போது. நன்றி சொல்லி விலகும் பாட்டு அது. 1974-ல் டாலி பாடி வெளியிட்டதைக் கேளுங்கள். விட்னியின் உச்சஸ்தாயிக்கு நம் பிள்ளைகள் தொண்டையைப் புண்ணாக்க வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: யாரிடம் விடைபெறுகிறீர்கள்? நண்பர்களிடமா, ஆசிரியர்களிடமா? ஆசிரியர்களுக்கு என்றால் 1967-ல் லூலு பாடிய 'டு சர், வித் லவ்' இருக்கிறது. லண்டன் கிழக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்திய, கயானாவில் பிறந்த பிரெய்த்வெய்ட்டின் நூலை வைத்து எடுத்த படத்தின் பாட்டு. அடங்காத பிள்ளைகள் கடைசியில் ஆசிரியருக்கு நன்றி சொல்லும் கதை. நண்பர்களுக்கு என்றால், அடுத்து சொல்லப்போகும் பாட்டு.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: கடைசி வரிசையில் நிற்பவர் இதைப் பாட முடியுமா? இதற்கு நான் கண்ட நல்ல விடை, பில் விதர்ஸ் 1972-ல் வெளியிட்ட 'லீன் ஆன் மீ'. அவர் மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த சிற்றூரில் வளர்ந்தவர். பிறகு லாஸ் ஏஞ்சலிஸ் போய் விமான பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஒருவருக்கு முடியாதபோது அக்கம்பக்கத்தார் தாங்கிக்கொள்ளும் அந்த ஊர்ப் பழக்கத்தை நினைத்து எழுதிய பாட்டு அது. நம்மைப் போன்ற குடியிருப்புக்கும் பொருந்தும்தானே?

மெட்டும் எளிது. ச, ரி, க, ம என்று படிப்படியாக ஏறி, வந்த வழியே இறங்கும். பாட்டு வகுப்புக்கே போகாத பிள்ளையும் இரண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். சொற்கள் சின்னச் சின்னவை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஒத்துவரும் சுருதியை முதல் நாளே பாடிப் பார்த்து முடிவு செய்யுங்கள். கரோக்கி செயலிகளில் அரை அரை ஸ்வரமாக ஏற்றி இறக்கலாம்.

முழுக்க ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 'ஆல்ட் லாங் சைன்' ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் எழுதி அனுப்பிய பாட்டு. அதன் மெட்டுக்குத் தாகூர் வங்க மொழியில் பாட்டு எழுதினார். ஜப்பானியர்கள் 1881-லேயே தங்கள் மொழிச் சொற்களைப் போட்டுப் பள்ளிப் பாட்டு நூலில் சேர்த்தார்கள். அங்கே பட்டமளிப்பு விழாக்களில் பாடும் பாட்டாக அது நிலைத்துவிட்டது. நம் பிள்ளைகளும் அந்த மெட்டுக்கு நாலு வரி தமிழில் எழுதலாம். யாரால் எழுத முடியும் என்று பாருங்கள். ஆங்கிலத்துக்குத் தயங்குகிற பிள்ளையாகக்கூட இருக்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாட்டை முடிவு செய்யும் முன் சொற்களை அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பொருள் பேசுங்கள். பிறகு ஸ்பீக்கர் இல்லாமல், மைக் இல்லாமல் ஒருமுறை பாட வையுங்கள். அப்போது நீங்கள் முன்வரிசையைப் பார்க்க வேண்டாம். பின்னால் போய் நின்று, கடைசி வரிசைக் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால், அதுதான் உங்கள் பாட்டு.

பிள்ளைகள் அனைவருக்கும் தேர்வுக்கு என் வாழ்த்துகள்.