உடம்பு அசையட்டும்

 

நம் பாட்டி காலத்தில் வீட்டில் என்னென்ன இருந்தன? அம்மி இருந்தது. ஆட்டுக்கல் இருந்தது. ராகியைத் திரிகையில் அரைத்தார்கள். குனிந்து வாசல் பெருக்கிக் கோலம் போட்டார்கள். சந்தைக்கு நடந்தே போனார்கள். உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் உடம்பு நாள் முழுதும் அசைந்தது.

இன்று மிக்ஸி வந்துவிட்டது. கிரைண்டர் வந்துவிட்டது. நல்லதுதான். தோள் வலிக்க மாவாட்டிய கஷ்டம் நமக்கு வேண்டாம். ஆனால் கஷ்டத்தோடு அசைவும் போய்விட்டது. அதுதான் கவலை.

நம் பெங்களூரில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் அக்காமார்கள் பலர். நாள் முழுதும் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டோ ஓட்டும் அண்ணன்மார்களும் அப்படித்தான். "இவ்வளவு உழைத்தேனே, இன்னும் எதற்கு நடக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கை உழைத்தது. கண் உழைத்தது. கால் நன்றாக நடக்கவில்லையே!

லண்டன் நகரத்தில் மாடி பஸ்கள் ஓடின. டிரைவர் உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் படி ஏறி இறங்குவார். ஜெரமி மோரிஸ் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் இவர்களை ஆராய்ந்தார்கள். 1953-ல் முடிவை வெளியிட்டார்கள். டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

நடக்கும்போது தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. இதயமும் பலப்படுகிறது. நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே இது நம் எல்லோருடைய கவலை.

எவ்வளவு நடக்க வேண்டும்? வாரத்துக்கு 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தினம் 30 நிமிடம், ஐந்து நாள். ஒரே தடவையில் வேண்டியதில்லை. பத்துப் பத்து நிமிடமாகவும் நடக்கலாம். கொஞ்சம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடங்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து நடங்கள். அண்ணன்மார்களே, வீடு பெருக்கினால், துணி துவைத்தால் உங்கள் உடம்புக்கும் நல்லது!

ஒரு எச்சரிக்கை. நடக்கும்போது நெஞ்சு வலித்தால் உடனே நின்றுவிடுங்கள். டாக்டரிடம் போங்கள். டாக்டரைக் கேட்காமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்று வகுப்பு முடிந்ததும் கொஞ்சம் சுற்று வழியில் வீட்டுக்குப் போவோமா? சேர்ந்தே நடப்போம், வாருங்கள்!